நிலமும் நீதியும்: ஹெக்டர் கொப்பேகடுவவின் அரசியல் வாழ்வு

கண்டி இராச்சியத்தில் நிலமே மதிப்பின் அளவுகோலாய் விளங்கிற்று. பிரதானிகளின் வலவ்வுகளைச் சூழ்ந்து வயலும் குடிகளும் அமைந்திருந்தன. ஆங்கிலேயர் 1815 இல் கண்டியைக் கைக்கொண்டு, 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமைப் பத்திரமற்ற நிலங்களை முடிக்குரியன ஆக்கினர். குடியானவனின் நிலவறுமை அன்று முதல் வளர்ந்தது. அக்குறையைத் தீர்க்க முற்பட்டவர், நிலமுடைய பிரபுக் குலத்திலேயே தோன்றினார் என்பது கருதத்தக்கது.

ஹெக்டர் கொப்பேகடுவ 1916 இல் பிறந்தார், சட்டத்தரணியானார். கண்டிக்கு மேற்கேயுள்ள யட்டிநுவரைத் தொகுதியிலிருந்து 1970 இல் பாராளுமன்றம் சென்றார். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் இடதுசாரிக் கட்சிகளும் இணைந்த ஐக்கிய முன்னணி அரசில் விவசாய, காணி அமைச்சரானார். 1971 ஆம் ஆண்டு இளைஞர் கிளர்ச்சி, நிலச்சீர்திருத்தம் இனித் தாமதிக்கலாகாது என்பதை உணர்த்திற்று.

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருத்தலாகாது என விதித்தது. நெற்காணிக்கு எல்லை 25 ஏக்கர். இதனால் ஏறத்தாழ 5,60,000 ஏக்கர் அரசின் வசமாயிற்று. முதற்சட்டம் தீண்டாதுவிட்ட கம்பெனித் தோட்டங்களும் 1975 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசுடைமையாயின.

எனினும், அத்தோட்டங்களைத் தம் உழைப்பால் வளர்த்த தமிழ்த் தொழிலாளருக்கு இச்சட்டம் வேறு முகம் காட்டிற்று. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தோர் அவருட் பெருந்தொகையினர். காணிப் பங்கீட்டின் பயன் அவரை எய்தவில்லை. சில தோட்டங்களிலிருந்து அவர் அகற்றவும்பட்டனர். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு அத்துன்பத்தைப் பெருக்கிற்று.

வடக்கின் அனுபவம் வேறானது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் நல்விலை பெற்றனர். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் 1980 இல் பறிக்கப்பட்டமையால், 1982 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் கொப்பேகடுவ கட்சியின் வேட்பாளரானார். நாடளாவி அவர் பெற்றது 39 சதவீதம், ஜே. ஆர். ஜெயவர்த்தனா ஏறத்தாழ 53 சதவீதம் பெற்று வென்றார். ஆயினும் யாழ்ப்பாண மாவட்டத்தில் கொப்பேகடுவ, ஜெயவர்த்தனாவை முந்தினார். உழவர் தம் விளைச்சலுக்குக் கிடைத்த விலையை மறந்திலர்.

அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறப்பால் வந்த உரிமைக்கு எல்லை வகுத்தது அவருடைய பெருமை. நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதோடு, யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் வினவுதல் வரலாறு கற்போரின் கடமையாம்.