பைக்ல உட்கார்ந்ததும் பேன்ட் மேல ஏறுதா? ஒரு இன்ச்லதான் இருக்கு விஷயம்!

வீட்டுக் கண்ணாடியில பார்க்கும்போது பேன்ட் கரெக்ட்டா ஷூ மேல வந்து நிக்கும். பைக்கை எடுத்து முதல் சிக்னல்ல நிக்கிறப்போ குனிஞ்சு பாருங்க... பாதி கெண்டைக்கால் வெளியே தெரியும்!

பார்க்க நல்லா இல்லைங்கிறது சின்ன பிரச்னை. நம்ம ஊர்ல பெரும்பாலான பைக்குகளுக்கு சைலன்சர் வலது பக்கம். வெறும் தோல் அதுல பட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். காலேஜ் படிக்கும்போது ஃப்ரெண்டோட பைக்ல இருந்து அவசரமா வலது பக்கம் இறங்கினேன். அந்தத் தழும்பு இன்னும் போகலை.

ஏன் ஏறுது? உட்காரும்போது இடுப்பும் முட்டியும் மடங்குது. மடங்குற இடத்துல தோல் இழுபடும், துணி இழுபடாது. மேல பெல்ட் பிடிச்சிருக்கு, அதனால துணி கீழே இருந்துதான் வந்தாகணும். ஸ்லிம் ஃபிட்னா இன்னும் மோசம். கெண்டைச் சதை மேல ஏறி அங்கேயே மாட்டிக்கும். எழுந்து நின்னாலும் இறங்காது.

அதனால, ட்ரையல் ரூம்ல நின்னு பார்க்கிறதோட விடாதீங்க. ஸ்டூல் இருந்தா உட்கார்ந்து, முட்டியை மடக்கிப் பாருங்க. அப்பவும் கணுக்கால் எலும்பு மறையணும். நின்னா அளவு சரியா இருந்து, உட்கார்ந்தா ஏறுதுன்னா ஒரு இன்ச் கூடுதல் வேணும். ஆல்டர் பண்ணக் கொடுக்கும்போது, மிச்சத் துணியை வெட்டாம உள்ளே மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க, பின்னாடி இறக்கிக்கலாம். கொஞ்சம் ஸ்ட்ரெட்ச் இருக்கிற ஜீன்ஸ் நல்லது. அதுக்காக, குதிகாலுக்குக் கீழே புரளுற அளவுக்குப் போயிடாதீங்க. ஃபுட்ரெஸ்ட்லயோ கியர் லிவர்லயோ மாட்டி, சிக்னல்ல கால் ஊன்ற முடியாம வண்டியோட சாய்வீங்க.

இருக்கிற பேன்ட்டுக்கு என்ன வழி? தாத்தா காலத்து சைக்கிள் கிளிப் ஞாபகம் இருக்கா? செயின்ல பேன்ட் சிக்காம இருக்க, கணுக்கால்ல மாட்டுவாங்களே, அதேதான். இப்போ அதுக்கு வெல்க்ரோ பட்டை இருக்கு. ஆனா, வண்டியில உட்கார்ந்து, பேன்ட்டைக் கீழே இழுத்துவிட்ட பிறகுதான் கட்டணும். நின்னுக்கிட்டே கட்டினா முட்டியில இறுக்கும். பாதத்துக்கு அடியில போற எலாஸ்டிக் பட்டையும் உண்டு. குதிரை ஓட்டுறவங்க எப்பவோ கண்டுபிடிச்ச வழி இது. முனை தொங்காம பார்த்துக்கங்க.

எதுவுமே வேண்டாம்னா உயரமான காட்டன் சாக்ஸ் போடுங்க. மெல்லிசான பாலியெஸ்டர் டிராக் பேன்ட் மட்டும் வேண்டாம். சைலன்சர் சூட்டுல உருகித் தோல்ல ஒட்டிக்கும்.

தப்பித் தவறி சூடு பட்டுட்டா, டூத்பேஸ்ட், இங்க் எதையும் தடவாதீங்க. குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காலைக் காட்டுங்க. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகியிருந்தா, நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க.