போலீசுக்கு ஒரு வக்கீல்!

போலீசுக்கும் வக்கீலுக்கும் ஏழாம் பொருத்தம் என்பார்கள். சாட்சிக் கூண்டில் நிற்கும் சப்-இன்ஸ்பெக்டரை வக்கீல் குறுக்கு விசாரணையில் திக்குமுக்காட வைப்பதையும், அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக் கொள்வதையும் கோர்ட்டில் பார்த்தவர்கள் அநேகர். ஆனால் போலீஸ் இலாகாவிலேயே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, போலீஸ் தலைமை அலுவலகத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் வக்கீலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 43 வட்டாரப் போலீஸ் படைகள் இருக்கின்றன. பெரிய படைகள் தங்களுக்கென்றே சட்டப் பிரிவு வைத்திருக்கின்றன. கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் பல படைகள் ஒன்று சேர்ந்து பொதுவாக ஒரு சட்டப் பிரிவை நடத்துகின்றன. அங்கே வேலை பார்க்கும் வக்கீலுக்கு யூனிபாரம் இல்லை; தடி இல்லை. சட்டப் புத்தகம்தான் அவருடைய ஆயுதம்.

"திருடனுக்கும் கொலைகாரனுக்கும் தண்டனை வாங்கித் தரும் வக்கீல்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஒரு காலத்தில் அந்த வேலையும் அவரிடம் இருந்தது. போலீசாரே குற்றத்தைத் துப்புத் துலக்கி, போலீசாரே வழக்குத் தொடுப்பது என்று தீர்மானித்து, தங்கள் வக்கீலைக் கோர்ட்டுக்கு அனுப்பி வந்தார்கள். "இந்த வழக்கு நிற்காது" என்று வக்கீல் சொன்னாலும் போலீசார் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்கள் கட்சிக்காரர், இவர் அவர்கள் அமர்த்திய வக்கீல். இது சரியல்ல என்று 1981-ல் ஒரு ராயல் கமிஷன் கூறியது. 1985-ல் சட்டம் வந்தது. 1986-ல் 'கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ்' என்ற தனி இலாகா பிறந்தது. அன்று முதல் கிரிமினல் வழக்கு நடத்துவது அந்த இலாகாவின் பொறுப்பு.

அப்படியானால் போலீஸ் வக்கீலுக்கு மிச்சம் என்ன வேலை?

கான்ஸ்டபிள் யாருடைய ஆள்?

இதைத் தெரிந்துகொள்ள 1930-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஓல்ட்ஹாம் என்ற ஊரில் வேறொருவருக்குப் பிறந்த வாரண்டை வைத்துக்கொண்டு, நிரபராதி ஒருவரைப் போலீசார் கைது செய்துவிட்டார்கள். அவர் நகரசபையின் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். கோர்ட்டு கையை விரித்துவிட்டது. கான்ஸ்டபிள் நகரசபையின் வேலையாள் அல்ல. சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தம் சொந்தப் பொறுப்பில் செலுத்துகிறவர். ஆகவே நகரசபை பொறுப்பாகாது என்பது தீர்ப்பு. தத்துவம் உயர்ந்ததுதான். ஆனால் அகப்பட்டவன் கதி? அந்தக் கான்ஸ்டபிள் மீதே வழக்குப் போட்டு, அவருடைய சொற்பச் சம்பளத்திலிருந்து வசூலிக்க வேண்டியதுதான்!

1964-ம் ஆண்டுப் போலீஸ் சட்டம் இந்தக் குறையைத் தீர்த்தது. கடமையைச் செய்யும்போது கான்ஸ்டபிள் செய்யும் தீங்குக்குச் சீப் கான்ஸ்டபிள் பொறுப்பு; பணம் போலீஸ் நிதியிலிருந்து வரும் என்று ஏற்பட்டது. சீப் கான்ஸ்டபிள் என்றால் நம் ஊர் ஏட்டையா என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வட்டாரப் போலீஸ் படை முழுவதற்கும் அவரே தலைவர். 1996-ம் ஆண்டுச் சட்டத்திலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. எனவே ஒரு மூலையில் ஒரு கான்ஸ்டபிள் கதவை உடைத்தாலும், ஆள்மாறாட்டமாகக் கைது செய்தாலும், கோர்ட்டில் பிரதிவாதியாகப் பெயர் விழுவது சீப் கான்ஸ்டபிளுக்கு. அவருக்காக ஆஜராகத்தான் போலீஸ் வக்கீல்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வக்கீலின் கட்சிக்காரர் சீப் கான்ஸ்டபிளே தவிர, தவறு செய்ததாகச் சொல்லப்படும் கான்ஸ்டபிள் அல்ல. இன்று நஷ்டஈட்டு வழக்கில் அந்தக் கான்ஸ்டபிளின் செய்கைக்குப் பரிந்து பேசுகிறவர், நாளை ஒழுங்கு நடவடிக்கை விசாரணையில் அதே கான்ஸ்டபிளுக்கு எதிராகக் குற்றச்சாட்டைத் தயாரிக்க நேரலாம். கான்ஸ்டபிளுக்குத் துணை வேண்டுமானால், 1919-ம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட போலீஸ் பெடரேஷனை நாடி வேறு வக்கீலை வைத்துக்கொள்ள வேண்டும்.

நாற்பத்தெட்டு மணி நேரம்

பழி வந்தபின் வாதாடுவது மட்டும் அவர் வேலை அல்ல. துப்பாக்கி லைசென்சு மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தால் பதில் சொல்ல வேண்டும். குற்றத்தில் சம்பாதித்தது என்று கைப்பற்றிய ரொக்கத்தைப் பறிமுதல் செய்ய மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும். கடிநாய் விவகாரம்கூட அவர் மேஜைக்கு வரும்.

எல்லாவற்றிலும் அவசரமானது வேறொன்று. குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் கணவன் எந்த ஊரில் இல்லை? விடிந்ததும் அவள் புகார் கொடுக்கப் பயப்படுவாள். கிரிமினல் வழக்குக்குச் சாட்சியம் போதாது. அவன் வீட்டுக்குத் திரும்பினால் மறுபடியும் அடி. இதற்காக 2010-ல் சட்டம் செய்து, 2014-ல் நாடெங்கும் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். சூப்பரின்டெண்டெண்டு பதவியிலோ அதற்கு மேலோ இருக்கும் அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டால், அந்த ஆள் வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டும். அவள் சம்மதம்கூடத் தேவையில்லை. ஆனால் போலீசார் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் போய்க் காரணம் சொல்லியாக வேண்டும். மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டால், உத்தரவு 14 நாள் முதல் 28 நாள் வரை நீடிக்கும்.

அந்த 48 மணி நேரத்துக்குள் ஓடி ஆடிக் காகிதம் சேர்த்து, கோர்ட்டில் எழுந்து நின்று பேசுகிறவர் போலீஸ் வக்கீல்தான். அங்கே அவர் தோற்றால், அன்று மாலையே கணவன் கதவைத் தட்டுவான். இந்த உத்தரவுக்குப் பதிலாக இன்னும் வலுவான உத்தரவு ஒன்றை 2021-ம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2024 நவம்பர் முதல் சில பகுதிகளில் அதை நடத்திப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மூதாட்டி விழுந்தாள்

இனிக் கஷ்டமான பக்கத்தைப் பார்ப்போம். 1988-ல் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புக் கூறியது. யார்க்ஷயரில் பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்த ஒருவனைப் போலீசார் முன்பே பிடித்திருந்தால் என் மகள் பிழைத்திருப்பாள் என்று, பலியான மாணவியின் தாய் வழக்குத் தொடுத்திருந்தார். குற்றவாளியைப் பிடிக்கத் தவறியதற்காகப் போலீஸ் மீது இப்படி நஷ்டஈடு கேட்க முடியாது என்று சபை தள்ளிவிட்டது. அதன் பிறகு அந்தத் தீர்ப்பு போலீஸ் வக்கீல்களுக்குக் கர்ணனின் கவசம்போல் ஆயிற்று. எந்த வழக்கு வந்தாலும் அதைத் தூக்கிக் காட்டினார்கள்.

2008 ஜூலையில் ஹடர்ஸ்பீல்டு நகரத் தெருவில் 76 வயது மூதாட்டி ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். போதை மருந்து விற்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவனைப் போலீசார் அங்கே பிடிக்கப் போக, அவன் திமிற, தள்ளுமுள்ளில் எல்லாரும் மூதாட்டியின் மேல் விழுந்தார்கள். போலீசார் கவனக்குறைவாக நடந்தார்கள் என்று கீழ்க் கோர்ட்டே சொல்லியும், பழைய தீர்ப்பைக் காரணமாகக் காட்டி நஷ்டஈடு கிடையாது என்றது. அப்பீல் கோர்ட்டும் அவர் வழக்கைத் தள்ளியது. மூதாட்டி விடவில்லை. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. போலீசார் தங்கள் செய்கையாலேயே ஒருவருக்குக் காயம் உண்டாக்கினால், மற்றவர்களைப் போல அவர்களும் பொறுப்பாளிகளே என்றது. ஒரு கிழவியின் காயத்துக்கு நியாயம் கிடைக்கப் பத்து வருஷம்!

அதே மாதத்தில் இன்னொரு தீர்ப்பு. பெண் பிரயாணிகளை மயக்கமருந்து கொடுத்துக் கெடுத்து வந்தான், லண்டன் டாக்ஸி டிரைவர் ஒருவன். முதலில் புகார் கொடுத்த பெண்களின் பேச்சைப் போலீசார் சரியாக விசாரிக்கவில்லை. இரண்டு பெண்களுக்கு மொத்தம் 41,250 பவுன் கொடுக்கும்படி கீழ்க் கோர்ட்டு சொல்லியிருந்தது. தொகை பெரிதல்ல. ஆனால் லண்டன் போலீஸ் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய்த் தோற்றது. கொடிய குற்றத்தைப் பெருங்குறைகளோடு விசாரிப்பது மனித உரிமைச் சட்டப்படி தவறு என்று கோர்ட்டு தீர்மானித்தது.

இத்தகைய வழக்குகளில் சட்டத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளப் போலீஸ் போராடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. பணமும் பொதுஜனங்களுடையது, கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க முடியாது. ஆயினும் எந்த இடத்தில் நிறுத்துவது? "இது நம் தவறு. மன்னிப்புக் கேட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்று எஜமானரிடம் எப்போது சொல்வது? அந்த வக்கீலின் மனசாட்சிக்கு அதுதான் பரீட்சை.

மாறிய வாக்குமூலங்கள்

அந்தப் பரீட்சை எவ்வளவு பெரியது என்பதற்கு ஹில்ஸ்பரோ சாட்சி. 1989 ஏப்ரல் 15-ல் ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்து பார்க்க வந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டது. அதனால் இறந்தவர்கள் 97 பேர். கடைசியாக ஒருவர் 2021-ல் இறந்தார். விசாரணைக் கமிஷனுக்காகப் போலீசார் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்கள் வக்கீல்களின் பார்வைக்குப் போய், திருத்தப்பட்டன. 164 வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டன என்றும், அவற்றில் 116-ல் போலீசுக்குப் பாதகமான வார்த்தைகள் நீக்கப்பட்டன அல்லது மாற்றப்பட்டன என்றும் 2012-ல் சுயேச்சைக் குழு ஒன்று வெளிப்படுத்தியது. ரசிகர்கள் மேல் பழி இல்லை என்று 2016-ல் ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள்.

ஓய்வுபெற்ற இரண்டு அதிகாரிகள் மீதும், போலீசுக்காக வேலை பார்த்த வெளி நிறுவன வக்கீல் ஒருவர் மீதும் வழக்கு வந்தது. 2021-ல் மூவரும் விடுதலையானார்கள். வாக்குமூலங்கள் தயாரானது கமிஷனுக்காக. கமிஷன் கோர்ட்டு அல்ல. ஆகவே நீதிக்கு இடையூறு செய்த குற்றம் பொருந்தாது என்றார் நீதிபதி. சட்டப்படி அவர்கள் குற்றமற்றவர்கள். ஆனால் 27 வருஷம் உண்மைக்காகக் காத்திருந்த தாய் தந்தையருக்கு அந்த விளக்கம் எப்படி ஆறுதல் தரும்? அரசாங்க அதிகாரிகள் விசாரணைகளில் உண்மையை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று விதிக்கும் மசோதா ஒன்று 2025 செப்டம்பரில் அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு வந்தது இந்தக் கண்ணீரின் பலன்.

அங்கே சொலிசிட்டர்களுக்கு உள்ள நடத்தை விதியும் இதையே சொல்கிறது. கட்சிக்காரரின் நன்மையும் பொது நீதியும் மோதினால், பொது நீதிக்கே முதலிடம்.

நம் நாட்டில்...

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் பிராசிக்யூட்டிங் இன்ஸ்பெக்டர்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் வழக்கு நடத்தியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிடிப்பவரும் வாதாடுபவரும் ஒருவராக இருக்கலாகாது என்று 1958-லேயே சட்டக் கமிஷன் எடுத்துக் கூறியது. 1973-ம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டம், விதிவிலக்கான சில சந்தர்ப்பங்கள் தவிர, போலீஸ் அதிகாரி உதவிப் பிராசிக்யூட்டராக நியமிக்கப்படலாகாது என்று விதித்தது. இந்தச் சட்டம் 1974 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இந்த விஷயத்தில் இங்கிலாந்துக்கு நாம் பன்னிரண்டு வருஷம் முந்திக்கொண்டோம் என்பதில் பெருமைப்படலாம்.

ஆனால் வழக்கு நடத்தும் வக்கீல் ஒரு ரகம். கைது செய்யப் புறப்படும் முன்னரே பக்கத்தில் இருந்து "ஐயா, இதற்குச் சட்டத்தில் இடம் இல்லை" என்று தடுக்கும் வக்கீல் வேறு ரகம். அரசனுக்கு இடித்துச் சொல்லும் பெரியோர் துணை வேண்டும் என்பதைத் திருக்குறள் ஓர் அதிகாரத்திலேயே வற்புறுத்துகிறது. லாக்கப்புச் சாவுக்குப் பிறகு கோர்ட்டு விதிக்கும் நஷ்டஈட்டைவிட, அந்தச் சாவு நேராமல் தடுக்கும் ஒரு வார்த்தை எவ்வளவோ மேல். அந்த வார்த்தையைத் தைரியமாகச் சொல்ல ஒருவர் வேண்டும். சொன்னால் கேட்கும் மேலதிகாரியும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலி பயிரைக் காக்கும்.