படிப்பு மேஜையில் ஒரு திருவிழா

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் கேபிள் டெலிவிஷன் இணைப்பைத் துண்டித்துவிடுவது, சில காலம் முன்புவரை நமது குடும்பங்களில் ஒரு விரதம் போலவே அனுஷ்டிக்கப்பட்டு வந்தது. பரீட்சை முடிகிறவரை பாட்டிக்குத் தொடர் கிடையாது. தகப்பனாருக்குக் கிரிக்கெட் கிடையாது. அந்த விரதம் சுலபமானது. பெட்டி கூடத்தில் ஒரே இடத்தில் நின்றது. அதை அணைத்தால் வீடு முழுவதற்கும் அணைந்தது.

இன்றைய பெட்டியோ உள்ளங்கையில் அடங்குவது. புத்தகத்துக்கு அடியிலும் நுழையும், போர்வைக்குள்ளும் நுழையும். போதாக்குறைக்கு வீட்டுப் பாடமே அதன் வழியாகத்தான் வந்து சேருகிறது. கணக்கு வாத்தியார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்விகளைப் பார்க்கப் போன பிள்ளை, போகிற வழியில் நாலு சிநேகிதர்களையும் நாற்பது வேடிக்கைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். கேள்விகள் மட்டும் பார்க்கப்படாமலே கிடக்கின்றன!

இது எப்படி நேர்ந்தது என்பதை நேயர்கள் அறிவார்கள். 2016-ஆம் ஆண்டுக்குப் பிறகு நமது தேசத்தில் இண்டர்நெட் மிக மலிவாயிற்று. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அதுவரை ‘செல்போனைத் தொடாதே’ என்று அதட்டிய நாமே, ‘இதில்தான் பாடம்’ என்று அதைக் குழந்தைகளின் கையில் கொடுத்தோம். பள்ளிக்கூடங்கள் திறந்தன, செல்போன் திரும்பி வரவில்லை.

நமது கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் கல்வி நிலையை ஆராய்கிற ‘அஸர்’ அறிக்கை 2024-ஆம் ஆண்டுக்குக் கொடுத்துள்ள கணக்கைப் பாருங்கள். 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களில், முந்தைய ஒரு வாரத்தில் கல்விக்காக அதை உபயோகித்தவர்கள் 57 பேர். சமூக வலைத்தளங்களுக்காக உபயோகித்தவர்கள் 76 பேர். பட்டணத்துப் பிள்ளைகளின் வியாதி என்று இனி யாரும் சொல்லிக் கொள்வதற்கில்லை.

பிள்ளைகளுக்கு மன உறுதி இல்லை என்று கோபித்துக்கொள்வது எளிது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலியவற்றை நடத்துகிற கம்பெனிகளுக்குப் பெரும் வருமானம் விளம்பரத்தினால் வருகிறது. பார்க்கிறவர் எவ்வளவு நேரம் தங்குகிறாரோ அவ்வளவுக்கு லாபம். ஆகையால் புத்தகத்துக்கு இருப்பதுபோல் கடைசிப் பக்கம் என்பது அங்கே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். 2009-இல் பேஸ்புக்கில் புகுந்த ‘லைக்’ பொத்தானோ, தான் போட்ட படத்தை எத்தனை பேர் மெச்சினார்கள் என்று பிள்ளையை ஓயாமல் எட்டிப் பார்க்கச் செய்கிறது. இத்தனை சாமர்த்தியத்துக்கு எதிரே பதினைந்து வயதுப் பாலகன் தனியாக நிற்கிறான்.

படிப்புக்கு வரும் கேடு, செலவாகிற நேரத்தோடு நின்றுவிடுவதில்லை. கடினமான கணக்கொன்றில் மனம் ஆழ்ந்திருக்கும்போது ஒரு ‘டிங்’ என்ற ஓசை போதும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் மனம், விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த ‘டிங்’ வந்துவிடுகிறது. இரவில் தூக்கம் குறைகிறது. முந்திய நாள் படித்தது மறுநாள் நினைவில் நிற்பதில்லை.

ஆயினும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். சமூக வலைத்தளங்களுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு, சராசரியாகப் பார்த்தால் சிறியது என்றே பல ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. படிப்பு ஏறாத பிள்ளை மனம் சோர்ந்து செல்போனிடம் தஞ்சம் புகுவதும் உண்டு. டியூஷனுக்குப் பணமில்லாத பிள்ளைக்கு யூடியூப் உபாத்தியாயராக இருப்பதும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் தடை செய்தால் போதுமா? பிரான்ஸ் 2018-இல் அவ்வாறு சட்டம் செய்தது. இங்கிலாந்தில் நான்கு நகரங்களைச் சேர்ந்த 91 பள்ளிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, செல்போனைத் தடுத்த பிறகு மதிப்பெண்கள் உயர்ந்தன. உயர்வு பெரும்பாலும் பின்தங்கிய மாணவர்களுக்கே கிட்டியது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மாறுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அதே தேசத்தில் 2025-இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி, பள்ளியில் தடை இருந்தாலும் பிள்ளைகள் நாள் முழுவதிலும் செல்போனில் கழிக்கும் மொத்த நேரம் குறையவில்லை என்று கண்டது. ஆஸ்திரேலியாவோ 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாதென்ற சட்டத்தை 2025 டிசம்பர் முதல் அமலாக்கியிருக்கிறது.

இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது இரண்டு. முதலாவது, நஷ்டம் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கைதூக்கிவிட ஆள் இல்லாத பிள்ளைதான் முதலில் மூழ்குகிறான். இரண்டாவது, பள்ளியின் வாசலோடு நின்றுவிடும் தடை, வீட்டு வாசலில் தோற்றுப் போகிறது.

ஆகவே உபாத்தியாயர்களுக்கு நமது வேண்டுகோள்: வீட்டுப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், செல்போனைத் திறக்காமல் படிக்க வழி செய்யுங்கள். பெற்றோருக்கு மற்றொரு வேண்டுகோள்: தடை என்றவுடன் பெண் குழந்தையின் கையை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்மார்ட்போன் கையாளத் தெரிந்த பிள்ளைகளிலேயே சொந்தமாக அதை வைத்திருக்கும் பையன்கள் நூற்றுக்கு 36 பேர், பெண்கள் 27 பேர்தாம் என்று மேற்சொன்ன அறிக்கையே கூறுகிறது. இருக்கிற சிறிது வசதியையும் அவளிடமிருந்து பறிப்பது சீர்திருத்தமாகாது.

இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாப் போன்களுக்கும் கூடத்து அலமாரியில் ஓர் இடம் ஒதுக்குங்கள். தகப்பனாருடைய போன் முதலில் அங்கே போகட்டும். பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதில்லை என்பது உண்மையாக இருக்கலாம்; நம் செய்கையை அவர்கள் கவனிக்கத் தவறுவதே இல்லை.