பேட்டரி மேல தப்பில்ல: ஒரு பழைய புல்லட்டின் சார்ஜிங் கதை

இந்த எபிசோட்ல கோட் கிடையாது, வண்டி. பெரியப்பா எனக்குக் கொடுத்த 1996 மாடல் புல்லட் 350. பதினாலு மாசத்துல ரெண்டு பேட்டரியைத் தின்னுடுச்சு. மூணாவது பேட்டரியும் இறங்கின ராத்திரி, மறைமலை அடிகள் பாலத்து மேல வண்டி நின்னுபோச்சு. சைதாப்பேட்டை வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தேன். மறுநாள் காலையில அம்மா சொன்னாங்க: "இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணு, இல்லன்னா வித்துடு."

பேட்டரி இறங்கினா வண்டி ஏன் நிக்கணும்? இந்த மாடல்ல இருக்கிறது பாயின்ட் இக்னிஷன். ஸ்பார்க்குக்கான கரன்ட் பேட்டரி பக்கத்துல இருந்துதான் வருது. அது காலின்னா எவ்வளவு உதைச்சாலும் பிரயோஜனம் இல்ல.

சார்ஜிங் எப்படி நடக்குதுன்னு நம்ம வீட்டுத் தண்ணியை வச்சே சொல்லிடலாம். ஆல்டர்னேட்டர்தான் மோட்டார். இன்ஜினோட சேர்ந்து சுத்தற காந்தம், ஸ்டேட்டர் காயில்ல ஏசி கரன்ட் உண்டாக்கும். ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் அதை டிசியா மாத்தி, அளவுக்கு மேல போகாம பிடிச்சு வைக்கும். பேட்டரி, மாடியில இருக்கிற டேங்க். நடுவுல இருக்கிற வயர்தான் பைப். டேங்க் நிறையலன்னா நாங்க என்ன பண்ணோம்? டேங்கையே மாத்தினோம், ரெண்டு தடவை.

அடுத்தது ரெகுலேட்டரை மாத்திப் பார்க்கலாம்னு மெக்கானிக் அண்ணன் சொன்னாரு. அவர் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கைகோர்த்து, திருவொற்றியூர்ல தயாரிக்க ஆரம்பிச்ச வண்டி இது. புதுப்பேட்டைக்குப் போனா எந்தப் பார்ட்டும் கிடைக்கும். கிடைக்குதுங்கறதாலயே, அளந்து பார்க்காம மாத்திடறோம். நான் முதல்ல ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன்.

முதல் அளவு: ராத்திரி முழுக்க வெளி சார்ஜர்ல போட்ட பேட்டரி, இன்ஜின் ஆஃப்ல. 12.6 வோல்ட். நல்ல பேட்டரி.

ரெண்டாவது: இன்ஜினை ஓட விட்டு, ஆக்சிலேட்டரை கொஞ்சம் முறுக்கி, அதே பேட்டரி முனைகள்ல. 13.5லேருந்து 14.5 வரைக்கும் வரணும். 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் கைவிட்டுடுச்சு, பேட்டரி கொதிக்கும்னு அர்த்தம். எனக்கு வந்தது 12.8. சார்ஜ் பத்தல.

மூணாவதுதான் முக்கியம். பக் தேடும்போது கோடை பாதியா வெட்டிப் பார்ப்போம் இல்லையா, அதே வேலை. மீட்டரோட கறுப்பு முனை பேட்டரி மைனஸ்லயே இருக்கட்டும், சிவப்பை மட்டும் ரெகுலேட்டர் அவுட்புட்ல வச்சேன். 14.2! ஆக ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் நிரபராதி. இங்கேயே கம்மியா வந்திருந்தா, ஸ்டேட்டர் கனெக்டரைக் கழட்டி, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏசி வோல்ட் ஏறுதான்னும், அந்த வயர் எதுவும் இன்ஜின் பாடியைத் தொடுதான்னும் பார்த்திருக்கணும்.

14.2க்கும் 12.8க்கும் நடுவுல 1.4 வோல்ட் காணோம். பைப்ல எங்கேயோ அடைப்பு. நல்ல வயர்ல இந்த வித்தியாசம் 0.2, 0.3க்குள்ளதான் இருக்கணும். வயரைப் பிடிச்சுக்கிட்டே ஒவ்வொரு ஜாயின்ட்டா அளந்து போனேன். ஃபியூஸ் ஓகே. கடைசியா ஹெட்லைட் கூட்டுக்குள்ள, ஆம்மீட்டருக்குப் பின்னாடி, ஒரே ஒரு டெர்மினல்ல 1.3 வோல்ட். நட் லூஸ். வளையம் கருகிப்போய் இருந்துச்சு.

பேட்டரிக்குப் போற கரன்ட் மொத்தமும் அந்த ஆம்மீட்டர் வழியாத்தான் போகணும். ரெகுலேட்டரோ தன் வாசல்ல 14.2 இருக்கறதைப் பார்த்து, போதும்னு நிறுத்திக்குது. பேட்டரி எப்பவும் அரை வயிறு. அப்படியே கிடந்தா லெட் ஆசிட் பேட்டரியோட தகட்டுல சல்ஃபேட் கெட்டியாப் படியும். முதல் ரெண்டும் செத்தது அதனாலதான். முள்ளு மட்டும் எப்பவும் பிளஸ் பக்கமே நின்னுச்சு, நானும் நம்பினேன். கரன்ட் எந்தப் பக்கம் போகுதுன்னுதான் அது சொல்லும். பேட்டரி நிறையுதான்னு சொல்லாது.

அந்த நட்டை லூஸா விட்டது யாரு? நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி பல்பு மாத்தறதுக்காகக் கூட்டைத் திறந்தவன், நட்டை விரலால முடுக்கி மூடிட்டேன். மீதியை மழையும் கடல் காத்தும் பார்த்துக்கிச்சு.

பேட்டரி மைனஸைக் கழட்டி வச்சிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புது வளையம், ஸ்பிரிங் வாஷர் போட்டு ஸ்பேனரால இறுக்கினேன். செலவு ஐம்பது ரூபாய்க்குள்ள. திரும்ப அளந்தா, பேட்டரியில 14.1. எட்டு மாசமா அதே மூணாவது பேட்டரிதான் ஓடுது. விக்கிற பேச்சை அம்மா எடுக்கறதில்ல.

ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழட்டிச் சோதிக்காதீங்க. வோல்ட் எகிறி பல்பும் ரெகுலேட்டரும் போயிடலாம். இன்னொண்ணு, வருஷத்துக்கு வருஷம் வயரிங் மாறும், உங்க மாடல் படத்தைப் பார்த்துக்கோங்க. கடைக்குப் போறதுக்கு முன்னாடி பேட்டரியில ஒரு அளவு, ரெகுலேட்டர்ல ஒரு அளவு எடுத்து பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. எந்தப் பார்ட் வாங்க வேணாம்னு அதுவே சொல்லிடும்.