நாளுக்கு ஒரு நகர்வு

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, நம் செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. அதையொட்டி நம் பள்ளிகளிலும் போட்டிகள் நடந்தன. 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இன்று தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் காய் நகர்த்தத் தெரிந்த மாணவர்களைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் ஆடும்போது அருகில் நின்று பாருங்கள். எதிரே இருப்பவர் காயை வைத்துக் கையை எடுப்பதற்குள் இவர்கள் கை நீண்டுவிடும். பலரும் வீட்டில் கைப்பேசியில் 3 நிமிட ஆட்டம் ஆடிப் பழகியவர்கள். வினாவை முழுதும் படிக்காமலே விடை எழுதத் தொடங்கும் அதே அவசரத்தைத்தான் பலகையிலும் பார்க்கிறோம். இந்த அவசரத்தைக் குறைக்க எனக்கு உதவிய ஒரு வழியை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். அது அஞ்சல்வழிச் சதுரங்கம்.

மதராஸிலிருந்து ஹைதராபாத்துக்கு

இருவரும் அவரவர் ஊரில் இருந்தபடியே, ஒரு நகர்வை எழுதி அனுப்பி, பதில் நகர்வுக்குக் காத்திருந்து ஆடுவதே இந்த ஆட்டம். 1824 முதல் 1828 வரை லண்டன், எடின்பரோ நகரங்களின் சதுரங்கக் கழகங்கள் கடிதம் மூலமே மோதின. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ரயில் வராத அந்தக் காலத்திலேயே மதராஸும் ஹைதராபாத்தும் இப்படி இரண்டு ஆட்டங்கள் ஆடின. மதராஸ் தரப்பை வழிநடத்தியவர் குலாம் காசிம். அவரும் மதராஸ் சிவில் பணியில் இருந்த ஜேம்ஸ் காக்ரேனும் அந்த ஆட்டங்களைக் குறிப்புகளோடு 1829-இல் நூலாக வெளியிட்டார்கள். ஒரு தொடக்க ஆட்ட முறை இன்றும் சதுரங்க நூல்களில் குலாம் காசிமின் பெயரோடு இருக்கிறது.

இன்று ஆடுவது எப்படி?

இப்போது தபால்தலை தேவையில்லை. லிசெஸ், செஸ்.காம் போன்ற தளங்களில் இலவசக் கணக்கு தொடங்கி, ஒரு நகர்வுக்கு 1 நாள் முதல் 14 நாள் வரை அவகாசம் வைத்து ஆடலாம். தரப்புள்ளியில் சேராத நட்பு ஆட்டம் என்று தேர்ந்தெடுத்தால் தோற்றாலும் புள்ளி குறையாது. தேர்வுப் பணியும் விடைத்தாள் திருத்தமும் உள்ள நமக்கு 3 நாள் அவகாசம் சரியாக இருக்கும். 40 நகர்வு கொண்ட ஆட்டத்தில் இருவருமே முழு அவகாசத்தையும் எடுத்துக்கொண்டால் 240 நாள் ஆகும். ஆளுக்குத் தினம் ஒரு நகர்வு என்றால் 40 நாளில் முடியும்.

என் எதிராளி வெளிநாட்டில் வாழும், ஓய்வுபெற்ற ஒருவர். நேரில் பார்த்ததில்லை. அவர் நகர்வு இரவில் வரும். மறுநாள் மாலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியதும் பலகையைத் திறப்பேன். காயைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகள். அவர் ஏன் இதை நகர்த்தினார்? அடுத்து எதைத் தாக்கப் போகிறார்? நான் நகர்த்தினால் என் எந்தக் காய் காவல் இழக்கும்? மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால் அன்று நகர்த்துவதில்லை.

யாரும் பார்க்காதபோது

இந்த ஆட்டத்தின் பெரிய சோதனை நேர்மைதான். நகர்வை யோசிக்க நாள்கணக்கில் நேரம் இருக்கிறது. எந்த உலகச் சாம்பியனையும் வெல்லக்கூடிய கணினி நிரல் அதே கைப்பேசியில் இருக்கிறது. கண்காணிப்பாளர் யாரும் எதிரே இல்லை. மேலே சொன்ன இரு தளங்களிலும், அஞ்சல்வழி ஆட்டத்தில் தொடக்க ஆட்ட நூல்களைப் பார்க்கலாம். கணினி நிரலின் உதவியோ பிறர் உதவியோ பெறக் கூடாது. 1951-இல் தொடங்கிய பன்னாட்டு அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பின் போட்டிகளிலோ கணினியைப் பயன்படுத்த அனுமதி உண்டு. இரண்டையும் மாணவர்களிடம் சொல்லி, "எது ஏமாற்று?" என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்ட விதியை மீறுவதுதான் ஏமாற்று என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர்வார்கள். வீட்டுப்பாடத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதும் இந்நாளில், இந்த உரையாடல் நமக்கு மிகவும் தேவை.

வகுப்புக்கு வகுப்பு

தளத்தில் ஒரு கணக்குக்கு ஓர் ஆட்டக்காரர்தான். எனவே வகுப்பே சேர்ந்து ஆட, இரு பள்ளி ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் நகர்வை அனுப்பிக்கொள்வதே முறை. எங்கள் 8-ஆம் வகுப்பு இப்படித்தான் பக்கத்துப் பள்ளி ஒன்றோடு ஆடுகிறது.

சார்ட் அட்டையில் 64 கட்டம் வரைந்து, காகிதக் காய்களைக் குண்டூசியால் குத்தி வைத்தோம். கீழே ஏ முதல் ஹெச் வரை எழுத்துகள், பக்கவாட்டில் 1 முதல் 8 வரை எண்கள். 9-ஆம் வகுப்பில் வரும் ஆயத்தொலைவுகளுக்கு இது நல்ல முன்பயிற்சி. மதிய உணவு இடைவேளையில் 10 நிமிடம் விவாதம். பிறகு கை உயர்த்தி வாக்கெடுப்பு. ஒரே ஒரு நிபந்தனை: நகர்வைச் சொல்பவர் அதற்கான காரணத்தை ஒரு வரியில் ஆட்டக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வேலைக்காக வடமாநிலத்திலிருந்து இங்கே வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருக்கிறான். தமிழில் பேசக் கூச்சப்படுவான். ஒருநாள் வகுப்பே யானையை நகர்த்தச் சொன்னபோது, அவன் எழுந்து வந்து குதிரையின் மேல் விரல் வைத்தான். காரணம் எழுத வேண்டுமே! பக்கத்தில் இருந்தவனிடம் ஒரு சொல் கேட்டு, "குதிரைக்குக் காவல் இல்லை" என்று எழுதினான். வாக்கெடுப்பில் குதிரை வென்றது. இப்போது குறிப்பேட்டில் அவன் வரிகள் நிறைய இருக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

மாணவர்கள் தனியாக ஆட விரும்பினால் பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டே கணக்குத் தொடங்க வேண்டும். சொந்தப் பெயர், பள்ளி, படம், தொலைபேசி எண் எதையும் கொடுக்கக் கூடாது. லிசெஸில் 'கிட் மோட்' என்ற அமைப்பை இயக்கினால் அரட்டையும் தனிச்செய்திகளும் மறைந்துவிடும். ஆட்டம் முடிந்த பின்னரே கணினி ஆய்வைத் திறக்க வேண்டும். அதற்கும் முன்பு குறிப்பேட்டைப் புரட்டி, எந்த நாளில் எந்தக் காரணம் பொய்த்தது என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தொடங்குவதற்குச் செலவு ஒரு சார்ட் அட்டையும் ஒரு குறிப்பேடும்தான். அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். வெள்ளைக் காய் யாருக்கு என்று அங்கேயே நாணயம் சுண்டி முடிவு செய்துவிட்டால், மறுநாளே முதல் நகர்வை அனுப்பிவிடலாம்.