முயலின் ரோமத்தை யாரும் திறந்து பார்க்கலாம்

வளைக்குள்ளிருந்து ஒரு குண்டு முயல் வெளியே வந்து சோம்பல் முறிக்கிறது. பூவை முகர்கிறது, பட்டாம்பூச்சியை ரசிக்கிறது. அந்தப் பட்டாம்பூச்சியை மூன்று போக்கிரிக் கொறித்துண்ணிகள் அடித்துக் கொன்றுவிட, சாது மிரண்டுவிடுகிறது. ‘பிக் பக் பன்னி’யின் கதை அவ்வளவுதான். ஏறக்குறைய 10 நிமிடப் படம்; வசனமே கிடையாது.

இரண்டாம் முறை பார்க்கும்போது கதையை விட்டுவிட்டு முயலின் வயிற்றைக் கவனியுங்கள். அது குலுங்கும்போது சாம்பல் ரோமமும் கூடவே அசையும். வெளிச்சம் அதன் ஓரங்களில் தங்கும். இத்தனை ரோமத்தையும் ஒருவர் உட்கார்ந்து வரைய முடியாது. கலைஞர் சில வழிகாட்டி முடிகளை மட்டும் தோலில் நட்டு, கணினித் திரையிலேயே சீப்பால் வாரி, வெட்டி, படிய வைக்கிறார். அவற்றைப் பின்பற்றி இடையிலுள்ள அடர்த்தியை மென்பொருள் நிரப்பிவிடும். புல்வெளியும் இப்படித்தான் முளைத்தது.

அந்த மென்பொருளின் பெயர் பிளெண்டர். நெதர்லாந்தைச் சேர்ந்த டோன் ரோசண்டால் உருவாக்கியது. 2002-இல் அதை வைத்திருந்த நிறுவனம் முடங்கியபோது, 1,00,000 யூரோ கொடுத்தால் மூலநிரலை விட்டுத்தருவதாக முதலீட்டாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். பயனர்கள் ஏழே வாரங்களில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்து மீட்டார்கள். எனக்கு இந்தப் படத்தின் மீதுள்ள மதிப்பில் பாதி அவர்களுக்கு உரியது.

பிளெண்டர் அறக்கட்டளையின் முதல் குறும்படம் ‘எலிஃபண்ட்ஸ் டிரீம்’ 2006-இல் வந்தது. இரும்பும் இயந்திரமுமான உலகம் அது. அடுத்த படம் சிரிப்பும் ரோமமுமாக இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே முடிவு செய்தார்கள். ரோமத்திலும் புல்லிலும் அப்போது பிளெண்டர் தேறியிருக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் சாஷா குடெகெபூரெயின் இயக்கத்தில் கலைஞர்கள் வேலை செய்யச் செய்ய, எங்கே மென்பொருள் திணறியதோ அங்கே நிரலாளர்கள் அதைத் திருத்தினார்கள். 2008 ஏப்ரலில் படம் வெளியானது. அடுத்த மாதமே வந்த 2.46 பதிப்பில் அந்த ரோமக் கருவிகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தன. பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் கருவிகளைப் பூட்டி வைத்திருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய கொடை!

நொடிக்கு 24 சட்டகம் என்றால் மொத்தம் 14,000-க்கும் மேல். ரோமம் நிறைந்த சட்டகங்களை ஒற்றைக் கணினியில் உருவாக்கி மாளாது என்பதால் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் கணினித் தொகுப்பு கைகொடுத்தது.

படம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. உருவாக்கியவர்களின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். வெட்டலாம், ஒட்டலாம், விற்கவும் செய்யலாம். வீடியோ கருவிகளைச் சோதிப்பவர்கள் இன்றும் இந்த முயலையே ஓடவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அனிமேஷன் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது: படத்தோடு நின்றுவிடாமல் அதன் மூலக் கோப்புகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். முயலின் எலும்புக்கூட்டை இழுத்துப் பாருங்கள், முகத்தை அசைத்துப் பாருங்கள். ரோமத்தின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால், அந்த உருண்டை உடம்பில் எவ்வளவு சதை, எவ்வளவு முடி என்பது உடனே தெரிந்துவிடும்.