பொங்கும் விண்மீன்கள்

விண்மீன்கள் என்றும் ஒரே நிலையில் ஒளிர்பவை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அவற்றுள் சில, அடுப்பில் வைத்த பாலைப் போலப் பொங்குகின்றன, அடங்குகின்றன, மீண்டும் பொங்குகின்றன. இதன் காரணத்தைக் காண்போமா?

விண்மீன் என்பது கொதிக்கும் வாயுக்களாலான பெரும் பந்து. ஈர்ப்பு விசை அவ்வாயுவை உள்நோக்கி இழுக்கிறது. மையத்தில் பிறக்கும் வெப்பமும் ஒளியும் வெளிநோக்கித் தள்ளுகின்றன. ஒளிக்கும் தள்ளும் ஆற்றல் உண்டு என்பது வியப்பன்றோ!

நம் சூரியனில் ஒளியின் தள்ளுவிசை மிகச் சிறிது. ஆகவே அது அமைதியாக ஒளிர்கிறது. ஆனால் சூரியனைப்போல் நூறு மடங்கு பொருள் கொண்ட விண்மீனில் ஒளியோ பல லட்சம் மடங்கு பெருகிவிடுகிறது. அங்கு ஒளியின் தள்ளுவிசை ஏறத்தாழ ஈர்ப்புக்குச் சமமாகிறது. இந்த எல்லையை விளக்கியவர் ஆங்கில அறிஞர் ஆர்தர் எடிங்டன். எல்லையருகே நிற்கும் விண்மீன் சிறிது நிலைபிறழ்ந்தாலும் அதன் மேலடுக்குகள் வெளியே வீசப்படுகின்றன. பிறகு அது அடங்குகிறது. ஆயினும் உள்ளே அடுப்பு அணைவதில்லை. எனவே மீண்டும் பொங்குகிறது.

இதற்குச் சிறந்த சான்று, தென்வானில் சுமார் 7,500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஈட்டா கரினே. 1837 டிசம்பரில், நன்னம்பிக்கை முனையில் வானை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் ஹெர்ஷல், அது திடீரென ஒளி மிகுந்திருக்கக் கண்டார். 1843 மார்ச்சில் அது, நாம் அகத்தியர் விண்மீன் என்றழைக்கும் கனோபஸையும் விஞ்சி, சிரியஸுக்கு அடுத்த இடத்தைப் பெற்றது! பின்பு மங்கி, வெறுங்கண்ணுக்கு மறைந்தது. 1890-ஐ ஒட்டி மறுபடியும், சிறிய அளவில் பொங்கியது.

முதற்பொங்கலில் மட்டும் பத்துச் சூரியன்களை ஆக்கக்கூடிய பொருளேனும் வெளியேறியது. அது இரு குமிழ்களாக இன்றும் விரிந்துகொண்டிருப்பதை ஹபிள் தொலைநோக்கி படமெடுத்துள்ளது. இத்தனையும் இழந்தும் அவ்விண்மீன் அழியவில்லை! அதனைச் சுற்றிவரும் துணை விண்மீனுக்கும் இதில் பங்குண்டா என அறிஞர்கள் ஆராய்கின்றனர்.

பி சிக்னி என்னும் விண்மீனும் 1600-இலும், 1650-களிலும் இவ்வாறே பொங்கியது.

சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். இம்மாபெரும் விண்மீன்களுக்கோ சில பத்து லட்சம் ஆண்டுகளே. பெரிதாயிருப்பதைவிடச் சமநிலையோடிருப்பதே வாழ்வைத் தருகிறது. அத்தகைய அமைதியான சூரியனின் ஒளியில் நம்மை வாழவைத்த இறைவனைப் போற்றுவோம்!